முறிந்த போல்ட் கற்பித்த பாடம்
(பாலக்கரையில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் பட்டங்களைப் பற்றியும் பதவிகளைப் பற்றியும் பேசினார்கள். நானோ மோட்டார் பட்டறையில் உழைத்து முதுமை அடைந்தவன். ஆகவே, முறிந்துபோன ஒரு போல்ட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சுதான்.

நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928ஆம் ஆண்டில் நம் பொன்மலைக்கு வந்தது. அங்கே உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம்தான், இதே பாலக்கரையில், நான் தொழில் பழகினேன். ஒருநாள் ஒரு மாருதி காரின் முன்சக்கர பிரேக்கைக் கழற்றும் வேலையை என்னிடம் விட்டார். காலிப்பரின் தாங்கியை இறுக்கிப் பிடிப்பவை இரண்டு போல்ட்டுகள். ஒன்று கழன்றது, மற்றொன்று அசையவில்லை. ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி, என் பலம் முழுவதையும் செலுத்தினேன். போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. உடல் உள்ளேயே நின்றுவிட்டது.

நான் நடுங்கினேன். அந்தப் பட்டறையில் வேறு எவன் கருவியை உடைத்தாலும் அவனைத்தான் ஏசுவார்கள். நான் உடைத்தால் என் சேரியையே ஏசுவார்கள். முறிந்த தலையைப் பசையால் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். யாருக்கும் தெரிந்திராது. ஆனால், ஒற்றைப் போல்ட்டில் தொங்கும் காலிப்பர் பிரேக் மிதிக்கும்போது சுழன்று சக்கரத்தில் மோதும். சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கே இல்லாமலும் போகலாம். அந்தக் காரில் குழந்தைகள் ஏறுவதை நான் கண்டிருந்தேன். பெரியவரிடம் சென்று உண்மையைச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "போல்ட் எல்லார் கையிலும் முறியும் தம்பி. சொல்லாமல் மூடினால்தான் ஆள் சாவான்" என்றார். பிறகு காரணத்தை விளக்கினார். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பிரேக்கின் சூடும் குளிர்ச்சியும் மழைநீரும் சேர்ந்து மரைகளுக்கு இடையே அதனை ஆப்புப்போல இறுக்கிவிடும். அங்கே முரட்டுப் பலம் துருவை வெல்லாது, போல்ட்டைத்தான் முறிக்கும்.

அவர் கற்பித்த முறையைச் சொல்கிறேன். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓர் இரவேனும் காத்திருங்கள். அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் படலாகாது. பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்துவிட்டு, பிரேக் ஹோஸையும் ரப்பர் பாகங்களையும் அகற்றி, போல்ட்டைச் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீயைக் காட்டாதீர்கள். உயிர்கொல்லும் நச்சு வாயு எழும்.

முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். என் போல்ட்டோ மட்டத்தோடு முறிந்திருந்தது. பெரியவர் நடுப்புள்ளியை அளந்து சென்டர் பஞ்சால் குறித்தார். முதலில் சிறிய டிரில், அடுத்து சற்றுப் பெரியது. பிறகு இடப்புற மரை கொண்ட ஈஸி அவுட்டைச் செருகிப் பொறுமையாகத் திருப்பினார். அதையும் பலவந்தம் செய்தால் உள்ளேயே முறியும். அந்தக் கடினமான எஃகைச் சாதாரண டிரில் துளைக்காது. துண்டு வெளியே வந்ததும் மரையைச் சோதித்து, அதே தரத்துப் புதிய போல்ட்டைப் பூட்டி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார். கார்க்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அன்று முதல் அந்தக் கார்க்காரர் தம் வண்டியை என்னிடமே விட்டார்.

இளைஞர்களே! 1936ஆம் ஆண்டில் லாகூரில் நிகழ்த்த முடியாமற்போன தம் உரையில், சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். நம் முன்னோரின் கைகளிலிருந்து உழைப்பைப் பெற்றுக்கொண்டவர்கள், "ஏன்" என்று கேட்கும் உரிமையை அக்கைகளுக்குத் தரவில்லை. காரணம் அறியாத கை, என்றும் ஏவலாள் கையாகவே இருக்கும். ஆகவே தொழிலைக் காரணத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் நமக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சி இடங்களைக் கேட்டுப் பெறுங்கள். நூலகத்தில் அமரும் தம்பியும் பட்டறையில் நிற்கும் தம்பியும் இச்சங்கத்திற்குச் சமமான பிள்ளைகளாக இருக்கட்டும்.

தவறு நேர்ந்தால் அச்சமின்றி ஒப்புக்கொள்ளுங்கள்; அதைச் சரிசெய்யும் அறிவையும் பெற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் உடையவனை எவரும் சாதி சொல்லித் தாழ்த்திவிட முடியாது. வாழ்க அண்ணலின் புகழ்!