நடுக்களம் காத்த நங்கை

(திருவாதவூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்த மண்ணில் நின்று பேசுகிறோம். இச்சிற்றூரில் பிறந்த ஒருவர் மதுரையிலே பாண்டியன் அவையில் அமைச்சராய் வீற்றிருந்தார் என்பது நம் யாவர்க்கும் பெருமை தருவது. அத்தகைய பெருமையை நம் பெண்மக்களும் எய்தல் கூடுமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள். கூடும் என்பதற்குக் கடலூரைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன் சான்றாவார்.

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். முன்னே நின்று கோல் அடிப்பவரை ஊர் அறியும். நடுக்களத்தில் நிற்பவரின் உழைப்போ எளிதில் கண்ணுக்குப் புலனாகாது. கண்மாய் மடையைத் திறந்து, எந்த வயல் காய்கிறது, எந்த வாய்க்காலில் நீரைத் திருப்பவேண்டும் என்று அறிந்து விடும் நீர்ப்பாய்ச்சியின் பணியை ஒத்தது அவர் பணி. பின்னிருந்து வரும் பந்தை வாங்கி, இடமறிந்து முன்னே அனுப்புவார். பந்து பறிபோனால் ஓடிச்சென்று மீட்பார். இந்துமதி பெயர் பெற்றது இந்த இடத்திலேதான்.

1994-இல் பிறந்த இவர் தமிழக அணியிலும் இந்திய அணியிலும் இடம்பெற்றார். மணிப்பூர் பல்லாண்டுகளாகத் தன் உடைமையாக வைத்திருந்த தேசியப் பெண்கள் பட்டத்தை, 2018-இல் கட்டாக் நகரில் தமிழகம் 2-1 என்ற கணக்கில் முதன்முறையாக வென்றது. 2019 மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில், வங்கதேசத்திற்கு எதிராக இந்துமதி இரண்டு கோல்கள் அடித்தார். இறுதியில் இந்தியா நேபாளத்தை வென்று கோப்பை கொண்டது. அதே ஆண்டு மே மாதம், நம் மதுரையைச் சார்ந்த சேது கால்பந்துக் கழகம் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றபோது, அக்கழகத்திற்காகவும் ஆடினார்.

அவர் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆவார். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, பந்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சென்னை வீதிகளில் காவற்பணி புரிந்தார். 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே நடைபெற்ற ஆசியக் கோப்பைக்கு அவர் தேர்வு பெற்றும், அணியினர் பலரை அந்நோய் பற்றியதால் இந்தியா இடையிலேயே விலக நேர்ந்தது. உழைப்பவர்க்கும் இத்தகைய இடர் வருவதுண்டு.

கடலூரிலிருந்து இவர் ஒருவர் மட்டும் வரவில்லை. சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் ஆகியோரும் இந்திய அணியில் ஆடினர். ஆடுகளமும், அக்கறையுள்ள பயிற்சியாளரும் அமைந்தால் ஓர் ஊர் பல வீராங்கனைகளை ஈன்றெடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

"பெண்பிள்ளை பந்து உதைத்தால் படிப்பு கெடாதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. எல்லாச் சிறுமியரும் இந்திய அணிக்குச் சென்றுவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பருவம் எய்தியதும் வீட்டோடு நின்றுவிடும் பெண், மாலைதோறும் தோழியரோடு ஓடியாடினால் உடலும் உறுதிபெறும். பள்ளியை விட்டு நிற்கவும் மனம் வராது.

இதற்கு ஊராட்சி செய்யவேண்டுவது பெரிதன்று. உலகப் போட்டிக்குரிய ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். சிறுமியர் பழகுவதற்கு அதில் பாதி போதும். கண்மாய் உள்வாயைத் தொடாமல், சீமைக் கருவேலம் மண்டிய வேறு பொது நிலம் இருப்பின் வேரோடு களைந்து சமன் செய்யலாம். கழிப்பறையும் குடிநீரும் விளக்கும் அமைத்து, ஆசிரியை ஒருவரோ தாய்மார் இருவரோ மாலையில் உடனிருக்க ஏற்பாடு செய்தால் பெற்றோரின் அச்சம் நீங்கும். அடுத்த கிராம சபையில் இதனைத் தீர்மானமாக வையுங்கள்; முன்மொழிபவர் ஒரு தாயாக இருப்பின் இன்னும் சிறப்பு.

மடை திறந்தாலன்றி வயலுக்கு நீர் பாயாது. நம் பெண்மக்களுக்கு அம்மடையைத் திறக்கும் பொறுப்பு நம்முடையது.