மரம் வெட்டுகிறவருக்கு ஹெல்மட் யார் கொடுப்பது?

(பிரதேசத் தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இருபத்தாறு வருஷம் மரம் வெட்டியவன் நான். என் இடது காது கேட்காது. பிறகு கேள்வி கேட்க வருகிறவர்கள் வலது பக்கமாக வந்து நில்லுங்கள். காது ஏன் போனது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

கொழுந்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். மரம் வெட்டுகிறவனைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தோட்டத்தில் அவன் இல்லாமல் என்ன நடக்கும்? மழைக்கு முன்னால் முள்முருங்கை கழிக்க வேண்டும். சவுக்கு மரத்தில் கொப்பு இறக்க வேண்டும். ஸ்டோரில் கொழுந்து காய வைக்க அடுப்புக்கு விறகு வேண்டும். அந்த விறகு டர்பன்டைன் காட்டிலிருந்து தானாக நடந்து வருவதில்லை.

முன்பெல்லாம் இந்த வேலையைச் செக்ரோலில் பேர் உள்ள ஆட்கள் செய்தார்கள். கோடாலியும் இரண்டு பேர் இழுக்கிற வாளும் ஸ்டோரிலிருந்து கொடுப்பார்கள். இப்போது பல தோட்டங்களில் மரம் வெட்டுவது கொந்தராத்துக்குப் போய்விட்டது. கொந்தராத்து எடுத்தவர் மெஷின் வாளோடு வருகிறார். கூட வேலை செய்கிறவன் யார்? நம் லயத்துப் பையன்தான். காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு. செக்ரோலிலும் பேர் இல்லை, வேறு எந்தக் கடதாசியிலும் பேர் இல்லை.

என் தங்கச்சி மாப்பிள்ளை அப்படித்தான் போனார். வெட்டிய டர்பன்டைன் மரம் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டது. நம் ஆட்கள் அந்த நேரத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். தாங்கி நிற்கிற மரத்தை வெட்டினால் இரண்டும் சேர்ந்து விழும் என்று கீழே போவோம். அவரும் போனார். இரண்டும் சேர்ந்துதான் விழுந்தன. இடுப்புக்குக் கீழே இன்றைக்கும் அவருக்கு உணர்ச்சி இல்லை.

வைத்தியசாலையிலிருந்து வந்த பிறகு நாங்கள் ஆபீசுக்குப் போனோம். "அவர் எங்கள் ஆள் இல்லை, கொந்தராத்துக்காரரைக் கேளுங்கள்" என்றார்கள். கொந்தராத்துக்காரரைக் கேட்டால், "நான் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார்" என்றார். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறு மாதம் நடந்தோம்.

பிறகுதான் சங்கத்தில் ஒருவர் சட்டத்தை எடுத்துக் காட்டினார். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். தன் தொழிலில் வழக்கமாகச் செய்கிற வேலையை ஒருவர் கொந்தராத்துக்குக் கொடுத்தால், கொந்தராத்துக்காரரின் ஆளுக்கு அடிபடும்போது வேலையைக் கொடுத்தவரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஸ்டோருக்கு விறகு வெட்டுவது தோட்டத்து வேலையா இல்லையா? எங்கள் கேஸ் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன சாட்சி? தங்கச்சி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டு வந்தாள். கூலிக்காரன் கணக்கில் ஏமாறக்கூடாது என்று அவர் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருந்தார். திகதி, எந்த மலை, எத்தனை மரம், எத்தனை லோட் விறகு. விறகு உள்ளே வந்த திகதிகளும் அந்தக் கொப்பியும் ஒத்துப்போயின. கேஸ் மூன்று வருஷம் இழுத்தது. பணம் கிடைத்தது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் ஒரு சதமும் கிடைத்திருக்காது. அதனால்தான் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அப்பா எங்கே, யாருக்கு வேலை செய்தார் என்று தினமும் எழுதச் சொல்லுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். போன் இருந்தால் வேலை நடக்கிற இடத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இந்தச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது நட்டஈட்டின் உச்சத் தொகையை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நடக்கிற விபத்தையும் சேர்த்தார்கள். ஆனால் ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். வேலை செய்கிறவர் குடித்திருந்தார், அல்லது கொடுத்த பாதுகாப்புச் சாமானை வேண்டுமென்றே கழற்றி வைத்தார் என்று காட்டினால், உயிர் போகாத காயத்துக்கு நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஹெல்மட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி லயத்தில் ஆணியில் தொங்க விட்டுப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து பிறகு நமக்கு எதிராகத்தான் பேசும்.

இனிச் சாமான்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மெஷின் வாள் வெட்டுகிறவருக்கு என்று ஒரு களிசான் இருக்கிறது. முன்பக்கம் உள்ளே நீளமான நார் பல அடுக்காக இருக்கும். சங்கிலி காலில் பட்டவுடன் அந்த நார் பிய்ந்து வந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். சங்கிலி அதை வெட்ட முடியாது என்பதில்லை, அதற்குள் சிக்கிவிடும் என்பதுதான் விஷயம். தடித்த ஜீன்ஸோ தோலோ அந்த வேலையைச் செய்யாது. ஒரு தடவை வெட்டுப்பட்ட களிசானைத் தைத்துப் போடக்கூடாது. நார் அறுந்துபோயிருக்கும். இதுதான் சாமான்களில் விலை கூடியது. அதனால்தான் யாரும் வாங்கிக் கொடுப்பதில்லை.

ஹெல்மட்டில் முகத்துக்குக் கம்பி வலையும் காதுக்கு மூடியும் சேர்ந்தே வருகிறது. மெஷின் வாளின் சத்தம் நூறு டெசிபலுக்கு மேலே போகும். 85க்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும் என்கிறார்கள். நான் இருபத்தாறு வருஷம் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டு வெட்டினேன். பஞ்சு போதாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் காலையில் விரல் நுனி வெள்ளையாகி மரத்துப் போகிறதா? அது மெஷின் நடுக்கத்தால் வருவது. சோம்பல் என்று கங்காணி சொன்னால் நம்பாதீர்கள். கையுறை போடுங்கள், ஒரே ஆள் நாள் முழுக்க மெஷினைப் பிடிக்காமல் மாறி மாறிப் பிடியுங்கள்.

காலுக்கு முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் வேண்டும். மழையில் நம் மலைச் சரிவில் செருப்போடு மெஷினைப் பிடித்து நிற்பது எப்படி என்று ஒரு துரை ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

மரம் ஏறுகிறவர்கள் ஏறும் முன் குளவிக் கூட்டைப் பாருங்கள். மேலே கயிற்றில் தொங்கும்போது குளவி கலைந்தால் ஓட இடமில்லை. கயிறு தேங்காய் நாரில் இருந்தால், நனைந்து காய்ந்து நனைந்து உள்ளே உளுத்துப்போயிருக்கும். வெளியே நன்றாகத்தான் தெரியும். பிரித்துப் பாருங்கள்.

வெட்டுகிற முறையில் இரண்டு சொல்கிறேன். விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் திறக்கிறோம், மரத்தின் தடிப்பில் கால் பங்கு அளவுக்கு. பின்னால் வெட்டும்போது நடுவில் கொஞ்சம் வெட்டாமல் விட வேண்டும். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்து இறக்கும். அவசரத்தில் அதையும் அறுத்துவிடுகிறவர் எந்தப் பக்கம் மரம் வரும் என்று சொல்ல முடியாது. மரம் அசைந்ததும் பின்னால் சாய்வாக ஓட வழியை முன்பே வெட்டித் துப்புரவாக்கி வையுங்கள். மாட்டிக்கொண்ட மரத்துக்குக் கீழே யாரும் போகாதீர்கள். கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுங்கள், முடியாவிட்டால் அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்துக்கு ஆள் போகாமல் மறித்து வையுங்கள்.

வாளின் நுனியின் மேல் பக்கம் எதிலாவது பட்டால் வாள் முகத்துக்குத் திரும்பும். தோள் உயரத்துக்கு மேல் தூக்கி வெட்டாதீர்கள்.

தாய்மாருக்கும் ஒன்று. மரம் விழுகிற சத்தம் கேட்டால் சுள்ளி பொறுக்க ஓடி வருகிறீர்கள், பிள்ளைகளும் பின்னால் வருகிறார்கள். மரத்தின் உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. கொழுந்து மலையில் ஆட்கள் இருக்கும்போது மேலே மரம் வெட்டினால், தோட்டத் தலைவர் அந்த வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சரிவில் கட்டை உருண்டால் கொழுந்துக் கூடையோடு விலக நேரமிருக்காது.

தோட்டத் தலைவர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் தோட்டத்தில் மரக் கொந்தராத்து கொடுக்கும்போது யார் எடுத்தது, எத்தனை ஆள், பேர் என்ன என்று ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். ஹெல்மட், களிசான், பூட்ஸ் எல்லாம் ஆளின் கூலியில் வெட்டாமல் வேலை கொடுக்கிறவர் கொடுப்பதாக அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சேமலாப நிதியும் கேளுங்கள். நாள் கூலி, துண்டு வேலை என்று சொல்லி அதைத் தவிர்க்க முடியாது. கொடுக்கிறவர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கொடுக்கிறவரே கட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துக்குப் பின்னால் என் மெஷினை வைத்திருப்பேன். சங்கிலி தீட்டுவது எப்படி என்று காட்டுகிறேன். மொட்டைச் சங்கிலி தூளாகக் கொட்டும், தீட்டியது சில்லாகக் கொட்டும், அதைப் பார்த்தாலே தெரியும். ஏறுகிறவர்கள் யாராவது கயிறு கொண்டு வந்திருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.