பூட்டைக் கையில் எடுக்கும் முன்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் சிலர் குழுக் கடன் வாங்கி, ரோட்டோரம் ஒரு கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். வாடகைக்கு வந்தவர் நிபந்தனையை மீறினால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் உறுப்பினர் அக்கா ஒருவர் மளிகைக் கடைக்கு இடம் விட்டார். 11 மாத ஒப்பந்தம். உள்வாடகைக்கு விடக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்கவில்லை. மாத வாடகையிலேயே ஓடியது. பிறகு கடைக்காரர் பாதி இடத்தை வெல்டிங் பட்டறைக்கு விட்டுவிட்டார். அக்கா தெரிந்தும் ஐந்து மாதம் வாடகை வாங்கினார். அதன்பின் மூன்று மாதம் வாடகையே வரவில்லை. பொறுமை போய், பூட்டோடு கிளம்பிவிட்டார்.

"மேடம், என் கடைதானே? நான் பூட்டினா யாரு கேட்பா?" என்றார்.

சட்டம் கேட்கும், அக்கா! 1963-ம் ஆண்டு குறித்தவகை தீர்வுச் சட்டம், பிரிவு 6 இருக்கிறது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் இடம் அவர் கைக்கே திரும்பப் போகும். அங்கே "நான் சொந்தக்காரி" என்று சொல்லியும் பயனில்லை.

வக்கீலிடம் கூட்டிப் போனோம். ஒப்பந்தத்தைப் படித்தவர் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார்.

முதலாவது, "உள்வாடகை கூடாது" என்று இருக்கிறது. "மீறினால் கடையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்ற வரி இல்லை. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 111-ன்படி அந்த வரி இருந்தால்தான், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, மீறலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடிக்கலாம்.

இரண்டாவது, அந்த வரி இருந்திருந்தாலும், மீறல் தெரிந்த பிறகு வரும் மாதங்களின் வாடகையை வாங்கினால் மீறலைப் பொறுத்துக்கொண்டதாக ஆகிவிடும். இது பிரிவு 112. பழைய பாக்கியை வாங்கலாம். வழக்குப் போட்ட பிறகு வாங்கினாலும் தவறில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருந்தது. மாத வாடகைக்கு, வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை (பிரிவு 106). நோட்டீஸைத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்தினோம். அவர் காலி செய்தார். அட்வான்ஸில் பாக்கியைக் கழித்து மீதியைக் கொடுத்தோம். காலி செய்யாமல் இருந்திருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் போயிருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். வாடகை பாக்கிக்காக மட்டும் வழக்கு என்றால், அவர் பாக்கி, வட்டி, செலவு எல்லாம் கட்டிவிட்டால் நீதிமன்றம் அவரை இருக்க விடலாம். சரிசெய்யக்கூடிய வேறு மீறல் என்றால், என்ன தப்பு என்று எழுதி, திருத்திக்கொள்ள நியாயமான அவகாசம் தர வேண்டும். நகரப் பகுதிகளுக்கு 2017-ம் ஆண்டின் தனி வாடகைச் சட்டம் உண்டு. அங்கே கடை வைத்திருப்பவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, தீர்மானம் எழுதாமல் நாம் குழுவில் கடன் கொடுப்போமா? கடையும் அப்படித்தான். நிபந்தனையை எழுதுங்கள், மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்யுங்கள். வாடகைக்கு ரசீது கொடுத்து, நகல் வையுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்கா பூட்டை இப்போது தன் வீட்டுக் கதவுக்குப் போட்டிருக்கிறார். புது ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நாமும் அப்படியே செய்வோம்.