கார் சன்னலுக்கு ஒரு சிறு கூரை

கேரி தீவிலிருந்து கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போக வேண்டுமானால், லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெலுக் பங்லிமா காராங் வந்து போகலாம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே நெடுந்தூரம் கார் ஓடும். அந்தக் காரில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று குடும்பமே ஏறியிருக்கும். பழைய காராக இருந்தால் குளிர்சாதனம் வேலை செய்யாது. பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளும்.

நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். இடைப்பட்ட மாதங்களில் விடியற்காலையில் 'சுமத்ரா' என்னும் காற்றுமழை நீரிணையைத் தாண்டி வந்து அடிக்கும். மழைக்குப் பயந்து கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? நம் மூச்சிலும் ஈர உடையிலும் உள்ள நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் பனிபோலப் படியும். எதிரே வரும் செம்பனைக் குலை லோரி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்கினாலோ பாட்டியின் மடியில் மழை கொட்டும்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு சின்ன உதவிதான் கதவுச் சன்னலின் மேல் விளிம்பில் ஒட்டும் காற்றுத் தடுப்பு. நம் நாட்டுக் கடைகளில் 'ஏர் பிரஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வீட்டு வாசலுக்குத் தாழ்வாரம் இறக்குவது போல, சன்னலுக்கு இறக்கிய தாழ்வாரம் இது. மோரிஸ் மைனர் கார்களில் முன்சன்னல் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சிறு கண்ணாடி இருந்ததே, அதைத் திருப்பிக் காற்று வாங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்சாதனம் பெருகியபின் அந்தக் கண்ணாடி மறைந்தது. காற்றோட்டத்துக்கு அது செய்த வேலையில் ஒரு பங்கை இந்தத் தடுப்பு செய்கிறது.

இது வேலை செய்வது எப்படி? கார் ஓடும்போது எதிர்க்காற்று இந்த வளைவில் மோதி வெளிப்பக்கமாக விலகிப் போகிறது. அப்போது வளைவுக்குப் பின்னால், சன்னல் இடுக்கில், காற்றழுத்தம் குறைகிறது. காருக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், உள்ளே இருக்கும் புழுக்கக் காற்று அந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது. மழைத்துளிகளை வளைவு தாங்கிக்கொள்கிறது.

வாங்கும்போது உங்கள் காரின் பெயரையும் ஆண்டையும் சொல்லி, அதற்கென்றே செய்ததை வாங்குங்கள். சாகாவுக்குச் செய்தது கஞ்சிலுக்குப் பொருந்தாது. மிகக் கறுப்பான நிறம் வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். பக்கக் கண்ணாடியும், தோட்டச் சாலை பெரிய சாலையைச் சேரும் முச்சந்தியும் மறையாமல் தெரிய வேண்டும்.

ஒட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பனி ஈரமும் மழையும் இல்லாத நேரமாகப் பார்த்து, நிழலில் காரை நிறுத்துங்கள். முதலில் ஒட்டாமல் வெறுமனே வைத்துப் பார்த்து அளவைச் சரிபாருங்கள். ஒட்டும் இடத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மெழுகுப் பூச்சு இருந்தால் பசை பிடிக்காது. ஆகவே, மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்திகரிப்பு ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு முறை துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும், வெடிக்கவும் வைக்கும்.

பசை நாடாவின் மேல்தாளை ஒரேயடியாக உரிக்காதீர்கள். இரு முனையிலும் சிறிது உரித்து வெளியே மடித்துவிட்டு, தடுப்பைச் சரியான இடத்தில் வைத்து, பிறகு தாளை மெல்ல இழுங்கள். பசையை விரலால் தொடக் கூடாது. ஒவ்வோர் இடத்தையும் அரை நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். கதவு உராயாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு 24 மணி நேரம் காரைக் கழுவவோ மழையில் விடவோ வேண்டாம். பசை முழு வலுப் பெற 3 நாள் வரை ஆகும்.

ஓடும்போது இரண்டு விரல் அகலம் கண்ணாடியை இறக்கினால் போதும். முன்னே ஒரு பக்கமும் பின்னே எதிர்ப்பக்கமும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். லோரி சேற்றுநீரை வாரி இறைக்கும் இடத்தில் ஏற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை முனைகளை விரலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் உடனே கழற்றி, புதுப் பசை நாடா போட்டு ஒட்டுங்கள். ஓடும் காரிலிருந்து பறந்தால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் முகத்தில்தான் அது விழும்.

நேயர்களே, இனி சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 'ஏர் பிரஸ்தான் இருக்கிறதே, கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோமே' என்று நம்பி, தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுக் கடைக்குள் போகாதீர்கள். கார் நிற்கும்போது அந்த இடுக்கு வழியாகப் போதிய காற்று ஓடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தும் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூடேறும். ஐந்து நிமிட வேலையானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

அதேபோல, இயந்திரத்தை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதும் ஆபத்து. புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போகலாம். இடுக்கு திறந்திருப்பதை நம்பி இதிலும் ஏமாறக் கூடாது.

சன்னலுக்கு ஒட்டும் இந்தச் சிறு கூரை, ஓடும் காரில் மழையைத் தடுத்துக் காற்றைத் தரும். நிற்கும் காரில் பிள்ளையைக் காக்க நம் கையும் கண்ணும்தான் உண்டு.