களஞ்சியத்தை நிரப்பியவர் கையில் சாவி வேண்டும்

(செஞ்சியில் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்க் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. நமக்கும் பெருமைதான். ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதில் நெல்லைக் கொட்டியது யார்? ராஜாவா? சுற்றுவட்டாரக் கழனிகளில் முதுகொடிய உழைத்த நம் பாட்டன் பூட்டன்தான் கொட்டினான். ஆனால் சாவி அவன் கையில் இல்லை. வயிறு காய்ந்தாலும் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

இன்று நாம் இன்னொரு களஞ்சியத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அது நோய் வந்தால் நம்மைக் காக்கவேண்டிய இன்ஷூரன்ஸ் நிதி. அதையும் நாம்தான் நிரப்புகிறோம். அதன் சாவியையாவது நாம் வைத்திருக்கிறோமா?

நடந்த சங்கதி ஒன்றைச் சொல்கிறோம். நம் சங்கத்தில் நாற்று நடும் ஒரு சகோதரி. புருஷனுக்கு நெஞ்சுவலி. வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். "முதலில் 20,000 ரூபாய் முன்பணம்" என்றார்கள். கம்மல் அடகுக்குப் போனது. மீதியை வார வட்டிக்கு வாங்கினார். மூன்றாம் நாள் எங்களுக்குச் சேதி வந்தது. போய்ப் பார்த்தோம். "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று கேட்டோம். இருக்கிறது, வீட்டில், டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில்! அந்த ஆஸ்பத்திரியோ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி. அட்டையைக் கொண்டுவந்து, திட்டத்துக்கென்று போட்டிருக்கும் மேஜையில் வைத்தோம். சிகிச்சை முழுவதும் அதிலேயே நடந்தது. முன்பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு வாரம் நடந்தோம். பணம் வந்தது. கட்டிய வட்டி போனது போனதுதான்.

அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டார்: "அது சர்க்கார் கொடுக்கிற தர்மம் இல்லையா அண்ணே? தர்மத்தை அதட்டியா கேட்க முடியும்?" தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

இது தர்மம் அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன்னோடி 2009-ஆம் ஆண்டுத் திட்டம். 2018 செப்டம்பரில் மத்திய சர்க்கார் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று ஆயிற்று. நாம் சந்தா கட்டுவதில்லை, சர்க்கார் கட்டுகிறது. சர்க்காருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நீங்கள் வாங்கும் சோப்புக்கு வரி. செருப்புக்கு வரி. செல்போன் ரீசார்ஜுக்கு வரி. கூலிக்காரன் கொடுக்கும் வரிக்கு ரசீது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் பணத்தில் நடக்கும் வைத்தியத்தை நாம் தலைகுனிந்து கேட்க வேண்டியதில்லை.

இனி மில் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இன்னொரு களஞ்சியம் உண்டு. அதன் பெயர் ஈ.எஸ்.ஐ. 1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். 2019 ஜூலையில் வைத்த கணக்குப்படி தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். மாதம் 12,000 கூலி என்றால் உங்களுடையது 90, முதலாளியுடையது 390. அவருடைய 390-ஐ உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது திருட்டு.

இதற்கு என்ன கிடைக்கும்? உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்தபோது ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு. வேலையில் கை கால் அடிபட்டால் குணமாகும்வரை நூற்றுக்கு 90 பங்கு. பிரசவத்துக்கு 26 வாரம். உயிர் போனால் குடும்பத்துக்குப் பென்ஷன். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் பார்க்கும். வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரிய வழி செய்யாது. ஈ.எஸ்.ஐ. அதையும் செய்யும்.

ஆனால் செஞ்சியில் எத்தனை மில் தொழிலாளி கையில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! இதுதான் நிலைமை. பத்துப் பேர் வேலை செய்தால் சட்டம் பாயும். அதனால் பதினான்கு பேர் மூட்டை சுமக்கும் இடத்தில் ஏட்டில் ஒன்பது பெயர்! மீதிப் பேர் "காண்டிராக்ட் ஆள்", "தினக்கூலி" என்று பெயர் மாறிப் போகிறார்கள். தோழர்களே, காண்டிராக்ட் ஆளும் கணக்கில் சேர்த்தியே. பாய்லர் சுட்டால் காண்டிராக்ட் ஆளின் தோல் வேகாதா?

இன்னொரு ஓட்டையும் உண்டு. பருவத் தொழிற்சாலை என்று ஒரு இனத்தை 1948 சட்டமே வெளியே நிறுத்தியது. மல்லாட்டை உடைக்கும் ஆலைகள் அந்த இனத்தில்தான் வருகின்றன. மல்லாட்டைக்குப் பெயர் போன ஊர் நம் செஞ்சி. கமிட்டிக்கு வரும் மூட்டைகளைப் பார்த்தால் தெரியும். அந்தத் தூசியைச் சுவாசிக்கும் பெண்களின் இருமலுக்குப் பருவம் உண்டா? கழனிக் கூலிகளுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வந்து சேரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் புதிது, பத்துப் பேர் கணக்கும் பருவ ஆலை விலக்கும் பழையபடியே. இவற்றை நீக்கு என்பது நம் கோரிக்கை.

இந்த உரிமைகள் தானாக வந்தவையா? உலகத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1878-இல் சோஷலிஸ்டுகளைத் தடைசெய்தார். 1883-இல் அதே பிஸ்மார்க் தொழிலாளிக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி மேல் திடீர்ப் பாசமா? சங்கத்தின் மேல் பயம்! இன்னொரு பக்கம் வேல்ஸ் நாட்டில் டிரெடெகர் என்ற சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் வாரக் கூலியில் சிறு பங்கு போட்டுத் தாங்களே வைத்தியச் சங்கம் நடத்தினார்கள். சிறு வயதிலேயே அங்கே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் பிறகு மந்திரியானார். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் ஜனங்கள் அனைவருக்கும் இலவச வைத்தியத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு வழிகாட்டி அந்தச் சுரங்க ஊர்ச் சங்கம்தான்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காப்பீட்டு அட்டை எல்லா நோய்க்கும் சாவி அல்ல. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் ஆபரேஷன்களுக்கும்தான் செல்லும். சாதாரணக் காய்ச்சலுக்கும், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அரசு ஆஸ்பத்திரிதான் கதி. செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரும் மருந்தும் இருந்தால்தான் நமக்குக் கதி உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முண்டியம்பாக்கத்துக்கு ஓடவேண்டும். பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும். மக்கள் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே இருந்து, அரசு ஆஸ்பத்திரி காய்ந்துபோகுமானால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அட்டையையும் கேட்போம், அரசு ஆஸ்பத்திரியையும் கேட்போம்.

இனி செய்யவேண்டிய காரியங்களுக்கு வருவோம்.

முதலாவது: அட்டை இல்லாதவர் உடனே எடுக்கவேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது 2022-இல் வைத்த விதி. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். இருபது பேராகப் போவோம். சங்கம் கூட வரும். நோய் சொல்லிவிட்டு வராது; ஆகவே நோய்க்கு முன் அட்டை.

இரண்டாவது: ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அட்டையைக் காட்டுங்கள். திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு முன்பணம் கட்டாதீர்கள். கேட்டால் ரசீது கேளுங்கள். "இந்த அட்டை செல்லாது" என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதற்கு ஆயிரம் பேர் உண்டு. கையெழுத்துப் போடச் சொன்னால் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். கலெக்டருக்கும் மனுக் கொடுங்கள்.

மூன்றாவது: வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நடவுக்கும் அறுப்புக்கும் போகிறீர்கள். சாலை விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தனித் திட்டம் வந்தது. அதற்கு அட்டையே வேண்டாம். வண்டியில் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காவது: மில் தொழிலாளிகள் இன்றிரவே தங்கள் மில்லில் உண்மையில் எத்தனை பேர் என்று எழுதித் தாருங்கள். யார், எத்தனை நாள், என்ன கூலி என்பதும் வேண்டும். முதலாளியின் ஏட்டுக்கு எதிராக நம் ஏடு ஒன்று இருக்கட்டும். அதை வைத்து ஈ.எஸ்.ஐ. அதிகாரிகளுக்கு மகஜர் கொடுப்போம். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்போம்.

தோழர்களே! நாற்று நடும் அந்தச் சகோதரி இப்போது அட்டையைப் பெட்டியில் வைப்பதில்லை. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் "அட்டை எங்கே?" என்று முதலில் கேட்பது அவர்தான். இந்தக் கூட்டத்துக்குத் தம் தெருவிலிருந்து ஒன்பது பெண்களை அழைத்து வந்திருப்பதும் அவர்தான். அதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மேஜையில் நோட்டு இருக்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். களஞ்சியத்தை நிரப்பியவர்கள் நாம். சாவியையும் நாமே வாங்குவோம்!