ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் போதுமா?

(மாதர் அணிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



"நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறோம், எங்களுக்கு எங்கே கொலஸ்ட்ரோல் வரும்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரும். உழைப்பு உடலுக்கு நல்லதுதான். ஆனால் சாப்பாடு, வயது, பரம்பரை எல்லாமே இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுவது வழக்கம். அது வலிக்காது, காய்ச்சலும் காட்டாது. ஒருநாள் மாரடைப்பாகவோ பாரிசவாதமாகவோ வந்து நிற்கும்.

பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றரை, அதாவது ஏறக்குறைய 31½ அங்குலத்தைத் தாண்டினால் கவனம் தேவை. மொத்தக் கொலஸ்ட்ரோல் 200க்குக் கீழே இருப்பது நல்லது.

இதற்காகப் பெண்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. மாவையும் அரிசியையும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த காலம் தொட்டே ரொட்டி நமது சாப்பாடாகிவிட்டது. சம்பளம் போதாத வீட்டில் வயிற்றை நிரப்புவது மாவும் சீனியும்தான். ஆகவே, கையில் உள்ள காசுக்குள் எதை மாற்றலாம் என்று பார்ப்போம்.

முதலாவது தேத்தண்ணி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால், ஐந்து கோப்பைக்கு பத்துக் கரண்டி. சுமார் 40 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சும் சீனி உடலில் கொழுப்பாக மாறுகிறது. வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிவிடும்.

இரண்டாவது ரொட்டி. மூன்று சாப்பிடுபவர் இரண்டோடு நிறுத்தி, அவித்த கடலை, கவ்பி, பயறு அல்லது பருப்பைச் சேர்த்துக்கொள்ளட்டும். மாவில் குரக்கன் மாவையும் கலக்கலாம். பயறு வகைகளில் உள்ள நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது தேங்காய். தேங்காயை விடச் சொல்லவில்லை. ரொட்டியிலும் தேங்காய், சம்பலிலும் தேங்காய், கறியிலும் பால் என்று ஒரே வேளையில் மூன்றும் வேண்டாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டாம். லயத்தைச் சுற்றி வளரும் வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை தினமும் ஒருவேளையாவது தட்டில் இருக்கட்டும்.

பட்டினி கிடந்து மெலிய வேண்டாம். காலையில் சாப்பிடாமல் மலைக்குப் போனால் மயக்கம்தான் வரும். 70 கிலோ உள்ளவர் மெதுவாக மூன்றரைக் கிலோ குறைத்தாலே இரத்தக் கொழுப்பில் நல்ல மாற்றம் தெரியும். டொக்டர் கொடுத்த குளிசையை நாமாக நிறுத்தவும் கூடாது.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல் எந்த வீட்டிலும் நடக்காது. குடும்பமே மாறினால்தான் அவரும் மாற முடியும். மிச்சம் மீதியை அவர் தலையில் கட்டாமல், பருப்பிலும் கீரையிலும் அவருக்குரிய பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். ஆனால் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்றுதான் பல சகோதரிகள் போவதில்லை. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: பரிசோதனையைத் தோட்டத்துக்கே கொண்டுவர ஒழுங்கு செய்யுங்கள், அன்றைய பேரை வெட்டாதீர்கள். இந்தக் கோரிக்கையை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தட்டை நாம் மாற்றுவோம். கிளினிக் போகும் உரிமையைச் சேர்ந்து நின்று வெல்வோம்.