இரண்டு மணிகளுக்கு நடுவே

(ஆதரவாளர்களுக்கான ஆண்டு நன்றிக் கூட்டத்தில் மருத்துவமனை ஊழியர் சார்பில் அளிக்கப்பட்ட செய்தி)



தூரத்திலிருந்து ரயிலேறியும் பஸ் மாறியும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி சொல்லும் இந்த நாளில், நன்றியோடு ஒரு அறிக்கையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் மருத்துவமனையில் காலையில் இரண்டு மணிகள் அடிக்கும். ஏழரைக்கு ஜெப ஆலயத்தின் மணி. எட்டு மணிக்கு ஓ.பி. மணி. முதல் மணிக்குப் பாடுகிறோம், வேதம் வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம். இரண்டாம் மணிக்குச் சீட்டு எழுதவும், ஊசி போடவும், பணம் வாங்கவும் அவரவர் இடத்துக்குப் போகிறோம். இரண்டு இடங்களுக்கும் நடுவே அறுபது எழுபது அடி தூரம்தான். அந்தத் தூரத்தில் நம்முடைய விசுவாசம் எத்தனை முறை கைதவறி விழுந்துவிடுகிறது என்பதே இன்றைய செய்தி.

ஒரு நாள் காலை எங்களில் ஒருவர், ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவினதைக்குறித்து உருக்கமாகப் பேசினார். அரை மணி நேரம் கழித்து, சீட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பாட்டியைப் பார்த்து, "இப்படி வந்து நின்றால் நாங்கள் என்ன செய்வது?" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டதும் அவரே. பாட்டி கோபப்படவில்லை. "காலையிலே மைக்குல பேசினது நீங்கதானே சாமி? ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எங்களுக்கோ அது சவுக்கடியாய் இருந்தது.

பிரியமானவர்களே, தொழுநோயாளிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு காரியம் நன்றாகத் தெரியும். அந்த நோயினால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. தோலில் உணர்ச்சி அற்றுப்போகிறது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும்போது கை சுடுவது தெரியாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் நாள் முழுவதும் நடப்பார்கள். புண் வரும், சீழ் பிடிக்கும், எலும்பு தேயும். வலி இல்லாததே அவர்களுடைய ஆபத்து.

இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மறுபடியும் வேலை செய்ய வைத்தவர். ஒருமுறை அவர் லண்டனில் நீண்ட ரயில் பயணத்துக்குப்பின் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி இரவெல்லாம் தூங்காதிருந்தார். விடிந்ததும் மறுபடியும் குத்தினார். சுரீரென்று வலித்தது! பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் தேவனை ஸ்தோத்திரித்தார்.

மனச்சாட்சியும் அப்படியே மரத்துப்போகும். அது மேடையில் மரத்துப்போவதில்லை. பத்துப்பேர் பார்க்கும் இடத்தில் நாம் எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். யாரும் பார்க்காத இடத்தில்தான் முதலாவது உணர்ச்சி போகிறது. இதை நாங்கள் பிறரைக்குறித்துச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுகிறோம்.

2018-ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை. நோயாளிகள் வரத்து குறைந்தது, வருமானமும் குறைந்தது. சம்பளம் கொடுக்க வழியில்லை. அப்பொழுது, ஏழை நோயாளிகளுக்கென்று நீங்கள் அனுப்பிய நிதியிலிருந்து எடுத்துச் சம்பளம் கொடுத்தோம். 'அடுத்த மாதம் திரும்ப வைத்துவிடலாம், இதுவும் ஊழியத்துக்குத்தானே' என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அடுத்த மாதமும் வைக்கவில்லை, அதற்கடுத்த மாதமும் வைக்கவில்லை. அந்த மாதங்களிலும் உங்களுக்குச் செய்தி மடல் வந்தது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஏழைகளைச் சேருகிறது என்று அதில் எழுதியிருந்தோம். அதை எழுதும்போது எங்கள் கை நடுங்கவில்லை. அதுதான் பயங்கரம்.

தை மாதத்தில் ஒருவர் உள்ளங்கால் புண்ணோடு வந்தார். தொழுநோய் குணமாகிப் பல வருஷங்கள் ஆனவர். 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் இந்நாட்களில் நோய் குணமாகிவிடுகிறது; மருந்தும் இலவசம். ஆனால் செத்துப்போன நரம்பில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. அவரை உடனே படுக்கையில் சேர்க்கவேண்டியிருந்தது. கணக்குப் பிரிவில், உதவி நிதியில் இப்போது பணம் இல்லை என்று சொல்லப்பட்டது. அவருடைய மனைவி ஒன்றும் பேசாமல் வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பணத்தோடு வந்தார். காதில் தோடு இல்லை.

அன்று மாலை ஊழியர் ஜெபக்கூட்டத்தில், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் சகோதரி எழுந்து நின்றார். "நிதியில் பணம் இல்லையென்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் ஏன் இல்லையென்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்று அழுதார். எங்களுக்கு வலித்தது. மூன்று மாதத்துக்குப்பின் முதல்முறையாக வலித்தது.

அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. நிலமும் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையது. ஒரு பங்கை வைத்துக்கொண்டது அவர்கள் குற்றமல்ல. முழுவதையும் கொடுத்தவர்களைப்போலக் காட்டினதே குற்றம். எங்கள் காரியத்தில் பணம்கூட எங்களுடையதல்ல.

மறுநாள் நிர்வாகக் குழுவிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டோம். முதலாவது, அடகுக் கடையிலிருந்து அந்தத் தோட்டை மீட்டு, அவர்கள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். மூத்த ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் விட்டுக்கொடுத்து, 14 மாதங்களில் நிதியை முழுவதும் திரும்பச் செலுத்தினோம். உங்களுக்கும் கடிதம் எழுதினோம். சிலர் அன்றோடு காணிக்கையை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நாங்கள் குறைசொல்ல முடியாது. சிலர், "இப்பொழுதுதான் உங்களை நம்புகிறோம்" என்று எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபோது வெட்கமும் ஆறுதலும் ஒருமித்து வந்தன.

மனம் வருந்தினது மட்டும் போதுமா? உணர்ச்சியற்ற பாதமுள்ளவருக்கு நாங்கள் என்ன போதிக்கிறோம்? வலிக்காது, ஆகையால் கண்ணால் பார். தினமும் மாலையில் பாதத்தைத் தண்ணீரில் ஊறவை, தடித்த தோலைத் தேய்த்து எடு, எண்ணெய் தடவு, எம்.சி.ஆர். செருப்பில்லாமல் நடக்காதே. செருப்பைப் போடுமுன் கையை விட்டு உள்ளே பார். உன்னால் குனிய முடியாவிட்டால் வீட்டாரைப் பார்க்கச் சொல். இதே போதனையை எங்களுக்கும் வைத்துக்கொண்டோம். ஏழைகள் நிதிக்கு இப்போது தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது. வரவும் செலவும் மாதந்தோறும் ஓ.பி. தாழ்வாரத்தில், அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, தமிழில் ஒட்டப்படுகிறது. எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த தருமப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோக நினைக்கவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட்டிச் சேர்த்தார். அப்போஸ்தலனுக்கே அது தேவையாயிருந்தால் நமக்கு எவ்வளவு அதிகம்!

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்காக ஜெபியுங்கள், கொடுங்கள், அதோடு, கேளுங்கள். கணக்கைக் கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் வந்து வார்டில் நில்லுங்கள். அதை அவநம்பிக்கை என்று நாங்கள் எண்ணமாட்டோம். எங்களால் குனிந்து பார்க்க முடியாத பாதத்தை நீங்கள் பார்க்கிறீர்கள் என்று எண்ணுவோம்.

உங்கள் வீடுகளிலும் இரண்டு மணிகள் உண்டு. ஆராதனை முடிந்து வாசற்படி ஏறும்போது அடிக்கும் மணி ஒன்று. அதற்குப்பின் மனைவியோடும், மருமகளோடும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளோடும் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா அறிவார். அந்த அம்மாளும் அறிவார்.

அந்த இளம் சகோதரி இன்றும் அதே இடத்தில் வேலை செய்கிறார். இன்று நீங்கள் கொடுக்கும் காணிக்கைக்கு அவர்தான் ரசீது எழுதுவார். தயவுசெய்து வாங்காமல் போகாதீர்கள்.

கர்த்தர் நம்மை உள்ளும் புறமும் ஒன்றாய்க் காத்து நடத்துவாராக. ஆமென்.